அளத்தூருக்கு இரண்டு அண்ணன்கள்

முன்னொரு காலத்தில், அடுத்தவர் நாட்டைக் காப்பாற்றுவதற்காகவே தாங்கள் பிறந்திருப்பதாக அரசர்கள் நம்பிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், மேற்கே ஒரு பெரிய நாடும் கிழக்கே ஒரு பெரிய நாடும் இருந்தன. மேற்கு நாட்டை வச்சிரபாகு மகாராஜா ஆண்டார். கிழக்கு நாட்டைக் கீர்த்திசேன மகாராஜா ஆண்டார். இரண்டுக்கும் நடுவில், கடலோரமாக, அளத்தூர் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. அங்கே உப்பு விளைந்தது. வேறொன்றும் விளையவில்லை. ஆகவே ஊர்க்காரர்கள் உப்பை இரண்டு பக்கமும் விற்று, இரண்டு பக்கமும் அரிசி வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் உப்பை அளக்க ஒரே மரக்கால்தான்.

இப்படியே போயிருந்தால் நமக்குச் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது. ஒருநாள் வச்சிரபாகுவுக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா இருக்கிற ராஜாவுக்கு வருகிற யோசனை எந்த ஊருக்கும் ஆகாது. ‘அந்த உப்பு முழுவதையும் கீர்த்திசேனன் எடுத்துக்கொண்டால் என்ன ஆவது’ என்று நினைத்து, உப்பைக் காக்கக் கொஞ்சம் படைவீரர்களை அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட கீர்த்திசேனன், அந்தக் காவலர்களிடமிருந்து உப்பைக் காக்கத் தம் வீரர்களை அனுப்பினார். அதுவரை அளத்தூரில் ஒரு பிடி உப்புக்கூடத் திருட்டுப் போனதில்லை. இரண்டு காவலும் வந்த பிறகு மூட்டை மூட்டையாகப் போயிற்று.

வீரர்களுக்குப் பின்னால் பண்டிதர்கள் வந்தார்கள். மேற்கு நாட்டுப் பண்டிதர்கள், “அரசன் குடிகளுக்குத் தந்தை. அவன் அடித்தாலும் அது அன்பு” என்று உபதேசம் செய்தார்கள். கிழக்கு நாட்டுப் பண்டிதர்கள், “அரசன் குடிகளுக்குத் தாய். அவன் பட்டினி போட்டாலும் அது பத்தியம்” என்றார்கள். மேற்கே உபதேசம் முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். கிழக்கே புளியோதரை. அளத்தூர்க்காரர்கள் இரண்டையும் மனம் ஒன்றிக் கேட்டார்கள். எந்தக் கொள்கை உங்களுக்குப் பிடித்தது என்று ஒரு பண்டிதர் ஆவலோடு கேட்டபோது, புளியோதரையில் உப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம் என்று பதில் வந்தது.

தந்தையும் எடுபடவில்லை, தாயும் எடுபடவில்லை என்றதும், இரண்டு அரசர்களுக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை தோன்றியது. இரண்டு தலைநகரிலும் முரசு அறைந்தார்கள். “அளத்தூரார் எமக்கு உடன்பிறந்த தம்பிமார். அவர்களும் நாமும் ஒரே குடும்பம், ஒரே உலை. அண்ணன் இருக்கத் தம்பிக்கு என்ன கவலை?” இரண்டு அறிவிப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. ஒருவர் மற்றவரைப் பார்த்துத் திருடினார் என்று இருவருமே சொன்னார்கள்.

இதில் இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. வச்சிரபாகு ஓலை அனுப்பினால் ‘அன்புத் தம்பி கீர்த்திசேனனுக்கு’ என்று தொடங்குவார். பதில் ஓலை ‘அன்புத் தம்பி வச்சிரபாகுவுக்கு’ என்று வரும். நாடு போனாலும் பொறுப்பார்கள், மூத்தவன் என்ற பட்டம் போனால் இருவருக்கும் தூக்கம் வராது.

மேற்கு நாட்டு அவையில் விகடகவியாக இருந்தவன் பிச்சாண்டி. அவனுடைய ஒரே தங்கை வெள்ளத்தாயை அளத்தூரில்தான் கட்டிக் கொடுத்திருந்தான். அவள் புருஷன் மாசானம்தான் அந்த ஊருக்கு அம்பலம், அதாவது ஊர்ப்பெரியவர். அதனால் அவையில் யாராவது ‘அளத்தூர்’ என்று வாயெடுத்தாலே பிச்சாண்டி சொல்லவந்த விகடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வான். மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறவனுக்குக் கவலை இருக்கக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லையே.

ஒருநாள் வச்சிரபாகு சிங்காசனத்தில் வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: “அளத்தூர் முழுவதும் எமக்கு வேண்டும். போர் கூடாது. போன போரில் மாண்ட யானைகளுக்கே இன்னும் மாற்று வந்து சேரவில்லை. கீர்த்திசேனன் தன் வாயாலேயே, சபையறிய, ‘அளத்தூர் எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். இதை முடித்துத் தருபவர் யார்?”

அவையோர் எல்லாரும் மேற்கூரையில் இருந்த சித்திரங்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிரதானி வீழிநாதர் மட்டும் எழுந்து நின்றார். அவர் பேசும்போது அரசர் கொட்டாவி விடுவார். பிச்சாண்டி பேசும்போது அரசர் சிரிப்பார். பல வருஷமாக வீழிநாதரின் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த அடுப்பு அது.

“மகாராஜா, இந்தக் காரியத்துக்கு வாள் உதவாது. நாக்குதான் வேண்டும். நாக்கையே தொழிலாகக் கொண்டவர் நம் அவையில் ஒருவர் இருக்கிறார்.”

“பிச்சாண்டியா? அவன் தவறிவிட்டால்?”

“தவறிய நாக்கைத் தாங்கிக்கொண்டிருக்க ஒரு தலை எதற்கு, மகாராஜா? அத்துடன், அவர் தவறினால் நம் குதிரைப்படை அளத்தூருக்குள் இறங்கட்டும். நமக்குக் கிடைக்காத உப்பு யாருக்கும் கிடைக்க வேண்டாம்.”

அரசருக்குப் பசி வந்திருந்தது. “ஆகட்டும். வருகிற பௌர்ணமி வரை தவணை” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பிச்சாண்டிக்குத் தன் தலையைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை. இருந்த ஒரே தலை அதுதான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை குதிரைகளைப் பற்றியது. உப்புப் பாத்தி என்பது வெறும் தரை அல்ல. ஆணும் பெண்ணும் வருஷக்கணக்காக மிதித்து மிதித்துக் கெட்டியாக்கிய களிமண். குதிரைக் குளம்பு ஒருமுறை பட்டால் போதும், அதில் பிறகு உப்பு விளையாது, சேறுதான் விளையும். வெள்ளத்தாயின் குடும்பமும் ஊரும் எதைத் தின்று உயிர் வாழும்? அன்றே அளத்தூருக்கு நடையைக் கட்டினான்.

தங்கை வீட்டில் அவனுக்குச் சோறும் மீன்குழம்பும் காத்திருந்தன. மாசானத்தைக் காணவில்லை.

“எங்கம்மா மாப்பிள்ளை?” என்று கேட்டான்.

“சொத்துப் பங்கு வைக்கப் போயிருக்காக. மேலத்தெரு அண்ணன் தம்பிக்குள்ள ஒத்துவரல. காலையில போனவுக, இன்னும் வந்தபாடில்ல” என்றாள் வெள்ளத்தாய்.

“ஒரு பங்கு வைக்க இவ்வளவு நேரமா?”

“மூத்தவன் கூறு போடணும், இளையவன் முதல்ல எடுக்கணும். ஊர் உலகத்துல உள்ள வழக்கந்தானே. ஒண்ணைப் பெருசா ஒண்ணைச் சிறுசாப் போட்டா, பெருசை இளையவன் தூக்கிட்டுப் போயிருவான். அதனால அந்த மூத்தவன் கயித்தைப் பிடிச்சு அளந்துக்கிட்டே கெடக்கான். காலையில அண்ணன் நான்தான்னு மார்தட்டினவன், இப்ப நான் ஏன் முதல்ல பொறந்தேன்னு அழுவுறானாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தவள், சட்டென்று அடங்கிப்போனாள். “ஏண்ணே, நெசமாவே படை வருமா?”

“வராது.”

“உன் தலைக்கு என்னமோ தவணை வச்சிருக்காகளாமே, காவக்காரவுக பேசிக்கிட்டாக.”

“அது இருக்கிற இடத்துலதான் இருக்கும். நீ குழம்பை ஊத்து.”

தைரியமாகச் சொல்லிவிட்டானே தவிர, அதற்கு அவனிடம் வழி ஒன்றும் இருக்கவில்லை. பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் பங்கு வைப்பதைப் பற்றித் தங்கை சொன்னது மனத்தில் உறைத்தது. கை பாதியிலேயே நின்றது. குழம்பில் ஏதும் விழுந்துவிட்டதோ என்று வெள்ளத்தாய் பயந்துபோனாள்.

மாசானம் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, இன்னொரு பங்கு வைக்கணும். பெரிய இடம்” என்றான் பிச்சாண்டி.

“எத்தனை பேரு மச்சான்?”

“அண்ணன் ரெண்டு பேரு. தம்பி நீங்க.”

மாசானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முரசு அறைந்ததை அவரும் கேள்விப்பட்டிருந்தார். பிறகு, “வர்றவுகளுக்கு யாரு சோறு போடுறது?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு அரசர்களுக்கும் அளத்தூரிலிருந்து ஆள் போயிற்று. ‘தமையன்மார் இருவரும் பௌர்ணமியன்று எழுந்தருளி, குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்துத் தர வேண்டும்’ என்பது செய்தி. ஊரே தானாக வந்து தன்னைப் பங்கு போடச் சொல்கிறது என்று இருவரும் பூரித்துப்போனார்கள். வீழிநாதருக்கு அதைவிடச் சந்தோஷம். பங்கு என்றால் பாதிதானே வரும். முழு அளத்தூர் வராது. பிச்சாண்டியின் தலை போகும். அவர் அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டார்.

பௌர்ணமியன்று உப்பளத்தின் ஓரத்தில் பந்தல் போட்டார்கள். கொட்டும் குடையுமாக இரண்டு அரசர்களும் வந்தார்கள். வந்தவுடன் யார் ஆசனம் உயரம் என்பதில் தகராறு. மூத்தவன் நானே என்று வச்சிரபாகு தம் ஆசனத்தின் கீழ் ஒரு பலகை வைக்கச் சொன்னார். கீர்த்திசேனன் தமக்கு இரண்டு வைக்கச் சொன்னார். பலகை ஏற ஏற, கடைசியில் இருவருமே பந்தல் கூரையில் கிரீடம் முட்ட, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நாட்டுச் சோதிடர்களும் எழுந்து, தத்தம் அரசரே முதலில் பிறந்தவர் என்று கிரகங்களைச் சாட்சி வைத்து நிரூபித்தார்கள்.

பிச்சாண்டி நடுவில் வந்து நின்று கும்பிட்டான். “மகாராஜாக்களே, அளத்தூரார் தங்களுக்கு உடன்பிறந்த தம்பிமார் என்று முரசு அறைந்தது உண்மைதானே?”

“உண்மை” என்றார் வச்சிரபாகு. “நாம்தான் முதலில் அறைந்தோம்” என்றார் கீர்த்திசேனன்.

“ஒரே குடும்பம், ஒரே உலை?”

“அதில் என்ன சந்தேகம்?”

“தாங்கள் இருவரும் அண்ணன்மார். அளத்தூர் கடைசித் தம்பி. சரிதானே?”

“சரி, சரி. சீக்கிரம் பிரிக்கச் சொல்” என்றார் வச்சிரபாகு. கழுத்து வலித்தது அவருக்கு.

பிச்சாண்டி மாசானத்தைப் பார்த்துத் தலையசைத்தான். மாசானம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “பெரியவுக ரெண்டு பேரும் வந்தது எங்க பாக்கியம். பங்கு மூணு. மூத்தவுக கூறு போடணும், கடைசித் தம்பி முதல்ல எடுக்கணும். அதான வழக்கம். இப்பச் சொத்தைச் சொல்லுங்க. மேற்கு நாட்டுல கோட்டை எத்தனை, கிழக்கு நாட்டுல கோட்டை எத்தனை?”

வீழிநாதர் குறுக்கிட்டார். “என்ன பிதற்றுகிறீர்? பங்கு போட வேண்டியது இந்த உப்பளத்தை.”

“ஐயா, ஒரே உலைன்னு சொன்னப்புறம் எல்லாத்தையும் பொதுவுல வச்சுத்தான பிரிக்கணும்? கோட்டை, கஜானா, யானை, நஞ்சை, புஞ்சை, அத்தோட எங்க அளம். தம்பி சொத்தை மட்டும் அண்ணனுக ரெண்டு பேரும் பிரிச்சுக்கிட்டா அதுக்குப் பேரு பாகப்பிரிவினை இல்லிங்க. அதுக்கு வேற பேரு இருக்கு. மரியாதைக்காகச் சொல்லாம இருக்கேன்.”



முதலில் சுதாரித்தவர் கீர்த்திசேனன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “யோசித்துப் பார்த்தால் வச்சிரபாகுவே எமக்கு மூத்தவர் என்று தோன்றுகிறது. அண்ணா, தாங்களே கூறு போடுங்கள்” என்றார். “ஒருபோதும் இல்லை. தங்கள் முகத்தில் இருக்கிற முதிர்ச்சி எமக்கு ஏது? தாங்கள்தான் அண்ணா” என்றார் வச்சிரபாகு. ஆசனங்களின் கீழிருந்த பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சோதிடர்கள் மறுபடி எழுந்து, சற்றுமுன் ஒரு கிரகத்தைத் தலைகீழாகப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

“யார் அண்ணன் என்பதைத் தாங்கள் பொறுமையாகவே முடிவு செய்யலாம்” என்றான் பிச்சாண்டி. “எப்படியானாலும் முதலில் எடுக்கப்போவது அளத்தூர்தான்.”

அளத்தூர்க்காரர்கள் அதற்குள் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். மேற்குக் கோட்டை மழைக்கு ஒழுகுமா என்று ஒருவர் ஒரு வீரனிடம் விசாரித்தார். கிழக்கு அரண்மனை அடுப்படியில் புகை போக வழி இருக்கிறதா என்று ஒருத்தி பண்டிதரைக் கேட்டாள். யானை என்ன தின்னும், உப்புத் தண்ணீர் குடிக்குமா என்று ஒரு கிழவர் பாகனிடம் கேட்டார். குடிக்காது என்றதும், அப்படியானால் வேண்டாம் என்றார். வெள்ளத்தாய் மட்டும் எதுவும் கேட்கவில்லை. வீழிநாதரையும் அவருக்குப் பின்னால் நின்ற குதிரைகளையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். 

கீர்த்திசேனன் எழுந்தார். “சபையோர் கேட்கட்டும். எமது முரசுக்காரன் ஏதோ தவறாக அறைந்துவிட்டான். அளத்தூர் எமக்குத் தம்பியும் அல்ல, தூரத்து உறவும் அல்ல. அளத்தூர் எனக்கு வேண்டாம்.”

பிச்சாண்டி தன் அரசரின் பக்கம் திரும்பி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். “மகாராஜா, தாங்கள் கேட்டபடியே ஆயிற்று. போர் இல்லை. கீர்த்திசேன மகாராஜா தம் வாயாலேயே, சபையறிய, வேண்டாம் என்றுவிட்டார். இனி அளத்தூர் முழுவதும் நம் குடும்பம். உரிமைக்காரர்கள் இரண்டே பேர்தான். தாங்களும் அளத்தூரும். ஆகவே கூறு இரண்டு. தாங்கள் போடுங்கள். அவர்கள் எடுப்பார்கள்.”

வச்சிரபாகு மனத்துக்குள் தம் நாட்டை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். எப்படிப் பிரித்தாலும் நல்ல பாதி ஒன்று இருந்தது. “பிரதானியாரே, என்ன செய்யலாம்?” என்று மெல்லிய குரலில் கேட்டார்.

வீழிநாதரும் மனத்துக்குள் அதையேதான் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாளிகையும் மாந்தோப்பும் அந்த நல்ல பாதியில் இருந்தன. “சொல்லிவிடுங்கள், மகாராஜா. வேண்டாம் என்று உடனே சொல்லிவிடுங்கள்” என்று அரசரின் காதில் சொன்னார். பதற்றத்தில் அது பந்தல் முழுவதும் கேட்டது.

“அளத்தூர் எமக்கும் தம்பி அல்ல” என்றார் வச்சிரபாகு. “எமது காவலர் இன்றே திரும்புவர்.”

“எமது காவலர் இப்போதே திரும்புவர்” என்றார் கீர்த்திசேனன்.

அதன்பிறகுதான் வீழிநாதருக்குப் பிச்சாண்டியின் தலை நினைவுக்கு வந்தது. “மகாராஜா, தங்கள் ஆணை நிறைவேறவில்லை. அளத்தூர் நம் கையில் இல்லை. பௌர்ணமியும் வந்துவிட்டது.”

“பிரதானியார் சொல்வதில் ஒரு சிறு திருத்தம் உண்டு, மகாராஜா” என்றான் பிச்சாண்டி. “கீர்த்திசேன மகாராஜா வேண்டாம் என்று சொன்னதிலிருந்து தாங்கள் வேண்டாம் என்று சொல்லும்வரை, அளத்தூர் முழுவதும் தங்களுடையதாகத்தான் இருந்தது. நான் வாங்கித் தந்துவிட்டேன். அதைத் தாங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். திருப்பிக் கொடுக்கச் சொன்னவர் பிரதானியார். பந்தலில் எல்லாரும் கேட்டார்கள். எந்தத் தலை என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.”

வீழிநாதர் இரண்டு கையாலும் தம் கழுத்தைத் தடவிக்கொண்டார். அரசர் அவரைப் பார்க்கவில்லை. வேறு ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. மாசானத்தை அருகில் அழைத்தார்.

“அம்பலகாரரே, உண்மையைச் சொல்லும். ஒருவேளை நாம் கூறு போட்டிருந்தால் நீர் எதை எடுத்திருப்பீர்? கோட்டை இருக்கும் கூறா, கஜானா இருக்கும் கூறா?”

மாசானத்துக்கு அந்தக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. “எங்க அளம் எந்தக் கூறுல இருக்கோ அதைத்தான் எடுத்திருப்போம், மகாராஜா. மத்ததை அண்ணன்மாருக்கே விட்டுக் கொடுத்திருப்போம். எங்களுக்கு உப்பு வாரத்தானே தெரியும்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன வேணும்?”

வச்சிரபாகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீர்த்திசேனனைப் பார்த்தார். கீர்த்திசேனனும் அவரைப் பார்த்தார். இரண்டு பெரிய நாடுகளும் எதற்கு இப்படி நடுங்கின என்பது இருவருக்கும் ஒன்றாகவே விளங்கிற்று. முதலில் வச்சிரபாகுவின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரிக்கத் தாம் சும்மா இருந்தால் குறைவு என்று கீர்த்திசேனனும் சிரித்தார்.

சிரித்து முடித்த வச்சிரபாகு, தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். அதைப் பார்த்துவிட்டுக் கீர்த்திசேனன் தம் இரட்டை வட மாலையைக் கழற்றிப் போட்டார். வச்சிரபாகு மோதிரத்தைக் கழற்றினார். கீர்த்திசேனன் இரண்டு மோதிரங்களைக் கழற்றினார். பிச்சாண்டி கழுத்தைக் குனிந்துகொண்டே நின்றான், நிமிர நேரம் கிடைக்கவில்லை. வெள்ளத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குதிரைகள் திரும்பிப் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குளம்புகூடப் பாத்தியில் படவில்லை.

கடைசியில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், வச்சிரபாகு உணர்ச்சி பொங்கக் கையை விரித்தார். “பிச்சாண்டி, இனி நீ எமக்கு வெறும் விகடகவி அல்ல. நீ எமக்கு…”

“மகாராஜா,” என்று பிச்சாண்டி அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டான், “உறவு மட்டும் வேண்டாம்.”